முந்நூறு மீட்டர் ரோஸ்

எங்கள் கொங்கு நாட்டில் ஒருவருக்குக் கோபம் வந்திருக்கிறதா என்று கண்டுபிடிக்க அவர் முகத்தைப் பார்த்துப் பிரயோஜனமில்லை. பேச்சில் எத்தனை ‘ங்க’ விழுகிறது என்று எண்ண வேண்டும். வழக்கமாக ‘வா’ என்கிறவர், ‘வாங்க வாங்க, உக்காருங்க, தண்ணி குடிக்கறீங்களாங்க’ என்று அடுக்க ஆரம்பித்தால், செருப்பைக் கழற்றாமல் அப்படியே திரும்பிவிடுவது நல்லது. மற்ற ஊர்களில் ஆத்திரம் வந்தால் மரியாதை குறையும். எங்கள் ஊரில் கூடும். இந்த அரிச்சுவடி தெரியாமலே இருபத்தாறு வயதுவரை வளர்ந்த ஒரு முட்டாளின் கதை இது. அந்த முட்டாள் நான்தான். வேறு யார் தலையிலாவது கட்டிவிடலாம் என்று பல வருஷம் முயன்று பார்த்தேன். சாட்சிக்கு முந்நூறு மீட்டர் துணி இருக்கிறது, தப்ப முடியவில்லை.

அப்போது நான் கோயம்புத்தூர் கணபதியில், ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மாடியில், நாலே பேர் இருந்த மென்பொருள் ஆபீஸில் வேலை பார்த்தேன். முதலாளி ஜெயராஜ் சார். (ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பாடுகிற அதே குரலில்தான் திட்டுவார். வாங்கியது திட்டு என்று மறுநாள்தான் உறைக்கும்.) பெருந்துறையில் இருந்த ஒரு சாயப்பட்டறைக்கு நாங்கள் புரோகிராம் எழுதிக் கொடுத்திருந்தோம். ஒன்று இரண்டு இல்லை, மொத்தம் பதினாறு. துணியை எடை போட ஒன்று, கலரைத் திரையில் காட்ட ஒன்று, சீட்டு அடிக்க ஒன்று, மெஷினுக்குச் சாயத்தை அளந்து ஊற்ற ஒன்று என்று தனித்தனியாக. அதில் அந்தச் சாயம் ஊற்றுகிற புரோகிராம் நானே தனியாக எழுதியது. என் தலைச்சன் பிள்ளை மாதிரி. ஆபீஸுக்கு யார் வந்தாலும், காபி வருவதற்குள் அதைப் பற்றிச் சொல்லிவிடுவேன்.

இந்தப் பதினாறுக்கும் பொதுவாக ஒரு கோப்பு உண்டு. ஒரு கலருக்கு வேண்டிய சாயங்கள் எந்த வரிசையில் வரும் என்று அதில்தான் எழுதியிருக்கும். முதலில் மஞ்சள், அடுத்தது சிவப்பு, அதற்கடுத்து நீலம். ஒவ்வொரு புரோகிராமையும் கம்பைல் செய்யும்போது, அதாவது நாம் எழுதியதை மெஷினுக்குப் புரிகிற பாஷைக்கு மாற்றும்போது, அது இந்த வரிசையை மனப்பாடம் செய்துகொள்ளும். அதோடு சரி. பிறகு நீங்கள் பொதுக்கோப்பில் வரிசையை மாற்றினால் அதற்குத் தெரியாது. மறுபடி கம்பைல் செய்தால்தான் தெரியும்.

புரியாதவர்களுக்கு நான் பந்தியை உதாரணம் சொல்வது வழக்கம். ‘மூணாவது இலைக்காரருக்குச் சக்கரை வியாதி, பாயாசம் ஊத்தாதீங்க’ என்று பரிமாறுகிறவரிடம் சொல்லிவிட்டோம். அவர் உள்ளே போன நேரத்தில் புதிதாக ஒருவர் வந்து முதல் இலையில் உட்கார, எல்லோரும் ஒரு இலை தள்ளி உட்கார்ந்துவிட்டார்கள். பரிமாறுகிறவருக்கு யாரும் சொல்லவில்லை. அவர் சிரித்த முகத்தோடு வந்து மூன்றாவது இலையை விட்டுவிட்டு, நாலாவது இலையில் இருக்கிற சர்க்கரைக்காரருக்கு இரண்டு கரண்டி பாயாசத்தை ஊற்றிவிட்டுப் போவார். அவர்மேல் ஒரு தப்பும் இல்லை. சொன்னதைத்தானே செய்தார்.

அதனால் ஜெயராஜ் சார் பதினாறு புரோகிராம்களின் பெயரையும் ஒரு சார்ட் பேப்பரில் எழுதிச் சுவரில் ஒட்டச் சொல்லியிருந்தார். “பொதுக்கோப்பைத் தொட்டா இதுல இருக்கிற அத்தனையும் திரும்ப கம்பைல் பண்ணோணும் தம்பி. புதுசா ஒண்ணு எழுதுனா அன்னிக்கே பேரை இதுல எழுதிப்போடோணும். நாளைக்குன்னு வைக்கக்கூடாது.”

“அதெல்லாம் சொல்லோணுங்களா சார்,” என்பேன் நான்.

இந்தச் சமயத்தில்தான் என் தங்கச்சி கவிதாவுக்குக் கல்யாணம் கூடி வந்தது. மாப்பிள்ளைக்குக் காரமடை. எங்களுக்குச் சோமனூர். எங்கள் வீடும் சித்தப்பா ஆறுச்சாமி வீடும் ஒரே சுவரில் ஒட்டியிருக்கும். பின்னால் இரண்டு குடும்பத்துக்கும் சேர்ந்து ஒரே தறிக்குடோன், பன்னிரண்டு தறி. அப்பா எதற்கும் பெரிதாக ஆசைப்படாதவர். அவருக்கு இந்தக் கல்யாணத்தில் ஒரே ஒரு ஆசை இருந்தது. நம் தறியில் நெய்த துணியில், பங்காளிகள் நூறு பேரும் ஒரே மாதிரி சந்தனக் கலர் சட்டை போட்டு, மேடையில் பொண்ணோடு நின்று ஒரு போட்டோ எடுக்க வேண்டும். “காரமடைக்காரங்க பாக்கோணும் கண்ணு. ஒரே துணி, ஒரே வரிசை. நாம எல்லாம் ஒண்ணுன்னு தெரியோணும்,” என்று என்னிடம் நாலைந்து தடவை சொல்லியிருப்பார்.

சித்தப்பா வேறு யாரையும் தறி பக்கம் விடாமல், தானே நின்று முந்நூறு மீட்டரையும் நெய்தார். ஒரு இழை அறுந்தாலும் தறியை நிறுத்தி முடிச்சுப் போட்டார். சாயம் எங்கே போடுவது என்ற பேச்சு வந்தபோது நான் நெஞ்சை நிமிர்த்தினேன். “அதை எங்கிட்ட விடுங்க. பெருந்துறைப் பட்டறையில ஓடற மெஷினே என்ற புரோகிராம்லதான் ஓடுது.” (வேலியில் போகிற ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொள்வது என்பது இதுதான்.)

அத்தோடு நின்றேனா? கல்யாணத்துக்கு அழைக்கிற வேலையையும் ஒழுங்குபடுத்துகிறேன் என்று கிளம்பினேன். அம்மா ஒரு பழைய நோட்டில் ஒறம்பரைகளின், அதாவது சொந்தக்காரர்களின், பெயரை எழுதி வைத்திருந்தாள். அதை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, லேப்டாப்பில் ஊர்வாரியாகப் பட்டியல் போட்டேன். எந்த ஊருக்கு எந்த வழியாகப் போவது, எந்த வீட்டுக்கு முதலில் போவது என்று எல்லாம் அதில் இருந்தது. இருநூற்றுப் பதினெட்டு வீடு. அப்பாவும் அம்மாவும் அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு மூன்று வாரம் சுற்றினார்கள். ஒரு வீடு முடிந்தால் ஒரு டிக். “படிச்ச புள்ளைன்னா படிச்ச புள்ளைதான்,” என்று அப்பா ஊரெல்லாம் சொன்னார்.

அந்த நாட்களில் இன்னொரு சந்தோஷமும் எனக்கு வாய்த்தது. என்னை எப்போதும் ‘டேய், இங்க வாடா’ என்று கூப்பிடுகிற சித்தப்பா, திடீரென்று மரியாதை கொடுக்க ஆரம்பித்தார். “துணி ஆச்சுங்க தம்பி. எடுத்துட்டுப் போறீங்களாங்க?” என்றார். நான் நெகிழ்ந்துபோனேன். பையன் பெரிய ஆளாகிவிட்டான் என்று சித்தப்பாவுக்கே தெரிந்துவிட்டது போல என்று நினைத்து, அன்று தலைவாரும்போது கண்ணாடி முன்னால் கொஞ்சம் கூடுதலாகவே நின்றேன்.

துணியைப் பெருந்துறைக்கு அனுப்பிய அதே செவ்வாய்க்கிழமை, பட்டறையில் நாலாவதாக ஒரு சாயத்தொட்டி வைத்தார்கள். மயில் நிறச் சாயம். அதைப் பொதுக்கோப்பில் சேர்க்க வேண்டும். “கடைசில சேத்துங்க தம்பி,” என்றார் ஜெயராஜ் சார். கடைசியில் சேர்த்திருந்தால் ஒரு வம்பும் இல்லை, ஏற்கெனவே இருந்த மூன்றும் அதனதன் இடத்தில் இருந்திருக்கும். ஆனால் எனக்கு மனசு கேட்கவில்லை. புதிதாக வந்திருக்கிற விருந்தாளியைக் கடைசி இலையிலா உட்கார வைப்பது? முதல் இடத்தில் உட்கார வைத்தேன். மஞ்சள், சிவப்பு, நீலம் மூன்றும் ஒரு இடம் தள்ளிப் போயின. அதனால் என்ன, எல்லாவற்றையும் மறுபடி கம்பைல் செய்யத்தானே போகிறோம்? சுவரில் இருந்த பட்டியலைப் பார்த்து ஒவ்வொன்றாகக் கம்பைல் செய்து, ஒவ்வொன்றாக டிக் அடித்தேன். பதினைந்து டிக். நேரில் போய்ப் பட்டறைக் கணினிகளில் ஏற்றிவிட்டு, சாய மாஸ்டர் சிக்கந்தரிடம் எங்கள் துணிக்கான சீட்டையும் கொடுத்துவிட்டு வந்தேன்.

“கல்யாணத் துணியா தம்பி? அதுதான் இன்னிக்கு மொதல் லாட்டு. நானே பக்கத்துல நின்னு போடறேன்,” என்றார் மாஸ்டர். கோட்டைமேட்டுக்காரர், இருபத்தைந்து வருஷம் சாயத்திலேயே ஊறியவர். அவர் நகத்தைப் பார்த்தே அந்த வாரம் என்ன கலர் அதிகம் ஓடியது என்று சொல்லிவிடலாம்.

புதன்கிழமை மதியம் மூன்றரை மணிக்குத் துணி வேனில் வந்து இறங்கியது. கல்யாணத்துக்கு இன்னும் பன்னிரண்டு நாள். சட்டை தைக்கிற டெய்லர் டேப்போடு காத்திருந்தார். புதுத் துணிக்கு மஞ்சள் தொட்டு வைக்க அம்மா கிண்ணத்தோடு நின்றாள். நான் அரை நாள் லீவு போட்டு, பாராட்டுகளை ஏற்றுக்கொள்வதற்காக வாசலிலேயே நின்றேன். அப்பா சாமி கும்பிட்டுவிட்டு, கட்டைப் பிரித்து, முதல் மடிப்பைத் தூக்கினார்.

ரோஸ்.

லேசான ரோஸ் என்றால்கூட வெயிலுக்கு அப்படித் தெரிகிறது என்று சமாளித்திருக்கலாம். இது தேர்க்கடையில் விற்கிற பஞ்சு மிட்டாய் ரோஸ். அப்பா இரண்டாவது மடிப்பைப் பிரித்தார், மூன்றாவதையும் பிரித்தார். உள்ளே போகப் போகச் சந்தனம் வரும் என்று நினைத்தாரோ என்னவோ. முந்நூறு மீட்டரும் ஒரு திட்டு, ஒரு கறை இல்லாமல் சீரான ரோஸ். டெய்லர் டேப்பைச் சுருட்டிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தார்.

“அண்ணா, இது எனக்குங்களா?” என்றாள் கவிதா மெதுவாக. “நூறு ஆம்பளைங்களுக்கு,” என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அப்பா என் பக்கம் திரும்பினார். “ஏனுங் தம்பி, நீங்க படிச்சவங்க. இதுக்குப் பேரு சந்தனமுங்களா?”

பிறந்ததிலிருந்து அப்பா என்னிடம் ‘ங்க’ போட்டுப் பேசியது அதுதான் முதல் தடவை. தூணைப் பிடித்துக்கொண்டேன். அப்போதுதான் மண்டைக்குள் கணக்கு ஓடியது. சந்தனத்துக்கு மஞ்சள் நிறைய, சிவப்பு கொஞ்சம். மஞ்சள் ஊற்ற வேண்டிய அளவுக்குச் சிவப்பை ஊற்றியிருந்தால்? சிவப்பின் அளவுக்கு நீலத்தை ஊற்றியிருந்தால்? எல்லாம் ஒரு இலை தள்ளி! சாயம் ஊற்றுகிற புரோகிராமுக்கு மட்டும் புது வரிசை தெரியவில்லை. என் புரோகிராம். என் தலைச்சன் பிள்ளை. பட்டியலில் அதன் பெயரைக் காணோம். ‘நாம எழுதுனதுதானே, நமக்குத் தெரியாதா, நாளைக்கு எழுதிக்கலாம்’ என்று ஒரு வருஷத்துக்கு முன்னால் விட்டது, விட்டதுதான்.

இதில் பெரிய கொடுமை என்னவென்றால், அந்த மாதிரி புரோகிராம் சண்டை போடாது. பிழை என்று திரையில் காட்டாது. நின்றும் போகாது. பழைய மனப்பாடத்தை வைத்துக்கொண்டு, அடக்க ஒடுக்கமாக, தப்பான சாயத்தைச் சரியான அளவில் ஊற்றிக்கொண்டே இருக்கும். ஊற்றிக்கொண்டே... அடக் கெரகமே! பட்டறையில் அடுத்த லாட்?

போனை எடுத்து மாஸ்டரைக் கூப்பிட்டேன்.

“மாஸ்டர்! துணி ரோஸா வந்திருக்குதுங்க!”

“நல்லா வந்திருக்குதுல்ல தம்பி? ஒரு புள்ளி இருக்காது பாருங்க.”

“நாங்க கேட்டது சந்தனமுங்க மாஸ்டர்!”

“யா அல்லா! சீட்டுல வெறும் கலர் நம்பர்தான தம்பி இருந்துச்சு. துணி எறங்குனப்ப எனக்கே திக்குன்னு ஆச்சு. ஆம்பளைங்க சட்டைன்னு சொன்னாரே, ரோஸ் வருதேன்னு. அப்பறம் நெனச்சேன், அவங்க ஊட்டுக் கல்யாணம், அவங்க ஆசை. நாம போயி இதென்னங்க கலருன்னு கேட்டா மரியாதையா இருக்குமா? அதான் கம்முனு இருந்துட்டேன்.”

“அடுத்த லாட் என்னங்க மாஸ்டர்?”

“உங்க துணிக்கப்பறம் வெள்ளைதான் ஓடுது, அதுக்குச் சாயம் வேண்டாம். நாலு மணிக்கு எலுமிச்சை மஞ்சள், எண்ணூறு கிலோ. கொழந்தைங்க துணி, கப்பல்ல போறது.”

மணி மூன்று ஐம்பது. எலுமிச்சை மஞ்சள் என்றால் அத்தனையும் மஞ்சள் சாயம், அதாவது அத்தனையும் சிவப்பாக இறங்கும். வெளிநாட்டுக் குழந்தைகள் எல்லாம் மிளகாய்ப் பழம் மாதிரி என் கண் முன்னால் வரிசையாக நின்றார்கள். “நிறுத்துங்க! நான் சொல்றவரைக்கும் ஒரு சொட்டு ஊத்தாதீங்க!” என்று நான் போட்ட சத்தத்தில் டெய்லர் எழுந்து நின்றுவிட்டார்.

அடுத்து ஜெயராஜ் சாருக்குப் போன் போட்டுச் சொன்னேன். அவர் ஆபீஸிலிருந்தே அந்த ஒரு புரோகிராமைக் கம்பைல் செய்து பெருந்துறைக்கு அனுப்பி, ஒரு முழம் துணியைப் போட்டுச் சோதித்துப் பார்த்தபிறகு என்னைக் கூப்பிட்டார். “மஞ்சள் மஞ்சளாவே வந்துருச்சு தம்பி, தோத்திரம். பட்டியலைப் பாத்தேன். நம்மள்ல எல்லாரும் எழுதுனது இருக்குது. உங்களுது மட்டுந்தான் இல்ல. வேற ஒண்ணுமில்ல, வச்சிர்றேன்.” அவர் வைத்த பிறகும் போனைக் காதிலேயே வைத்துக்கொண்டிருந்தேன். இந்தத் தடவை மறுநாள்வரை காத்திருக்கத் தேவைப்படவில்லை, உடனே உறைத்தது.

வீட்டில் எல்லோரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். உண்மையைச் சொல்லித்தானே ஆக வேண்டும்? பந்தி உதாரணத்தை எடுத்தேன். இலை, பாயாசம், சர்க்கரைக்காரர், எல்லாம் சொன்னேன். அப்பா தறிக்காரர், சட்டென்று பிடித்துக்கொண்டார்.

“அப்ப வரிசை மாறிப்போச்சுன்னு பாஞ்சு பேருக்குச் சொன்னே. உன்ற சொந்த ஆளுக்கு மட்டும் சொல்லாம விட்டுப்போட்டே.”

“ஆமாங்க.”

“அது எப்படி உடுவே? தூரத்துல இருக்கறது மறந்துபோச்சுன்னாப் பரவால்ல.”

“கூடவே இருக்குதுங்களா, நம்முளுதுதானேன்னு... அதைப் போயி எதுக்குப் பட்டியல்ல எழுதறதுன்னு இருந்துட்டேனுங்க.”

அப்பா ஏதோ திட்ட வாயைத் திறந்தார். திறந்த வாய் அப்படியே நின்றது. மெதுவாகத் தலையைத் திருப்பிச் சுவரைப் பார்த்தார். எங்களுக்கும் சித்தப்பாவுக்கும் பொதுவான சுவர். அதற்கு அந்தப் பக்கம் சித்தப்பா யாரிடமோ பேசிக்கொண்டிருப்பது கேட்டது.

“இந்தா,” என்றார் அம்மாவிடம். “ஆறுச்சாமி ஊட்டுக்குப் பத்திரிகை வச்சமா?”

அம்மா கையிலிருந்த மஞ்சள் கிண்ணம் விழுந்து உருண்டது. “நீங்க வச்சிருப்பீங்கன்னு நானிருந்தேன்!”

“நீ தட்டு எடுத்துட்டுப் போயிருப்பேன்னு நானிருந்தேன்!”

“பட்டியல்ல இருந்திருக்குமே, டிக் அடிச்சமே!”

அப்பா, அம்மா, கவிதா மூன்று பேரும் ஒரே நேரத்தில் என் பக்கம் திரும்பினார்கள். லேப்டாப்பைத் திறக்கவே வேண்டியதில்லை. ஊர்வாரியாகப் போட்ட பட்டியல். சோமனூரிலேயே அடுத்த தெருவில்தான் தொடங்கியது. பக்கத்து வீட்டுக்கு என்ன வழி எழுதுவது என்று விட்டிருந்தேன். பங்காளியை முறையாகத் தட்டு வைத்து அழைக்காவிட்டால் எங்கள் பக்கம் அது சாதாரண மறதி இல்லை. மூன்று தலைமுறைக்குப் பேச்சுவார்த்தை இருக்காது. அதுவும் பொண்ணுக்குச் சொந்தச் சித்தப்பா. அந்தத் துணியை நெய்த கை. என் காதுக்குள் பதினைந்து நாளாக அவர் சொன்ன ‘ங்க’ எல்லாம் வரிசையாக வந்து நின்றது. துணி ஆச்சுங்க தம்பி. எடுத்துட்டுப் போறீங்களாங்க. ஐயோ, அது மரியாதை என்றா நினைத்தேன்!

ரோஸ் துணியை மறந்தோம். அம்மா தட்டில் வெற்றிலை பாக்கு, பழம், பத்திரிகை எடுத்து வைத்தாள். எப்போதும் போகிற கொல்லைப்புற வழியாகப் போகாமல், தெருவில் இறங்கி, பத்தடி நடந்து, சித்தப்பா வீட்டு முன்வாசலில் போய் நின்றோம்.

“அடடே, வாங்கண்ணா! வாங்கண்ணி! தம்பி, வாங்க!” சித்தப்பா எழுந்து வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டார். “ஏனுங் நின்னுட்டீங்க, உக்காருங்க. தூரத்துல இருந்து வந்திருக்கறீங்க, மொதல்ல தண்ணி குடிங்க.”

கதவுக்குப் பின்னால் ஒரு பை கட்டி வைத்திருந்தது. அம்மாவும் அதைப் பார்த்துவிட்டாள். “எங்கீங்க கொழுந்தனாரே பயணம்?” என்றாள்.

“பழனிக்குங்க அண்ணி. ஒரு வேண்டுதல். வர்ற திங்களுக்கு அடுத்த திங்களுங்க.” அதுதான் முகூர்த்த நாள்.

சின்னம்மா சமையலறை வாசலில் நின்று எங்களைப் பார்க்காமல் சொன்னார். “பத்திரிகை அடிச்சு வந்த நாள்ல இருந்து தெனமும் சாயந்தரம் சட்டையப் போட்டுட்டு இந்த நாற்காலில உக்காந்திருப்பாருங்க. இன்னிக்கு அண்ணன் வருவாருன்னு. போன வாரந்தான் பையக் கட்டுனாரு.”

அப்பாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. ஊரெல்லாம் நிமிர்ந்து நடந்த மனுஷன், தம்பி முன்னால் தட்டை நீட்டிக்கொண்டு நின்றார். “ஆறுச்சாமி, ஊரெல்லாம் போயிச் சொன்னேன். உன்னையப் போயி உட்டுப்போட்டேனே. நீ இல்லாம நான் எப்படிப்பா அந்த மேடைல நிப்பேன்?”

எனக்குத் தாங்கவில்லை. அப்படியே சித்தப்பா காலில் விழுந்தேன். “பட்டியல் போட்டது நானுங்க சித்தப்பா. அப்பா மேல தப்பில்லீங்க. எல்லாக் கருமத்துக்கும் நான்தானுங்க காரணம்.”

சித்தப்பா தட்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, “எந்திரிங்க தம்பி,” என்றார். நான் எழுந்திருக்கவில்லை. ‘ங்க’ இருக்கிறதே! தரையோடு ஒட்டிக்கொண்டேன். இன்னும் கொஞ்ச நேரம் போனபிறகுதான், “எந்திரிடா,” என்று வந்தது. அந்த ஒரு ‘டா’ காதில் விழுந்ததும் எனக்கு அழுகையே வந்துவிட்டது.

தட்டை வாங்கிச் சாமி படத்தின் முன்னால் வைத்துவிட்டு, சித்தப்பா துணியைப் பற்றிக் கேட்டார். நான் போய் ஒரு மடிப்பைக் கொண்டு வந்து காட்டினேன். அவர் அதை வெளிச்சத்தில் பிடித்தார். என் முகத்தைப் பார்த்தார். திரும்பத் துணியைப் பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தவர், இருமல் வந்து, சின்னம்மா முதுகில் தட்டுகிறவரை நிறுத்தவில்லை.

“மாஸ்டர்கிட்டச் சொல்லி, மறுபடி காய்ச்சி, மெரூன் போட்டர்றேனுங்க சித்தப்பா. நாலு நாள்ல வந்துரும்,” என்றேன்.

சிரிப்பு நின்றது. “என்ற துணிய ரெண்டாந்தடவ கொதிக்க வைப்பியா? இழை இழையாப் பாத்து நெய்தது. நூலு என்னத்துக்காகும்?” அவர் அப்பாவைப் பார்த்தார். “அண்ணா, இதையே போடறதா இருந்தா நான் கல்யாணத்துக்கு வாரேன். இல்லீன்னா பழனிதானுங்க.”

அப்பா ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. “போட்டறலாம்,” என்றார்.

கல்யாணத்தன்று எங்கள் பக்கத்து ஆம்பிளைகள் நூறு பேர், மீசையை முறுக்கிக்கொண்டு, பஞ்சு மிட்டாய் ரோஸ் சட்டையில் மண்டபத்துக்குள் நுழைந்தோம். மேளக்காரர் ஒரு அடியை விட்டுவிட்டு எங்களைப் பார்த்தார். காரமடைக் கூட்டம் மொத்தமும் எழுந்து நின்று பார்த்தது. கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு மாப்பிள்ளையின் அப்பா, குரலைத் தாழ்த்தி, “ஏனுங் சம்பந்தி, இது உங்க பக்கத்து வழக்கமுங்களா?” என்று கேட்டார். அப்பா சித்தப்பாவின் தோளில் கையைப் போட்டுக்கொண்டு சொன்னார். “ஆமாங்க. பொண்ணுக்குச் சித்தப்பன் சொல்றதுதானுங்க எங்க பக்கத்து வழக்கம்.” அந்த நிமிஷம் எடுத்ததுதான் எங்கள் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிற போட்டோ. கவிதா நடுவில் பட்டுப்புடவையோடு நிற்பாள். சுற்றிலும் நூறு பேர், ஒரே துணி, ஒரே வரிசை.

ஆபீஸ் பட்டியலில் ஜெயராஜ் சார் என் புரோகிராமின் பெயரை எல்லாவற்றுக்கும் மேலே எழுதினார், ரோஸ் ஸ்கெட்ச் பேனாவில். காரமடையில் எங்களுக்கு இன்றும் ‘ரோஸ்காரங்க’ என்றுதான் பெயர். எங்கள் வீட்டில் யார் எதை மாற்றினாலும், அது சமையல்காரராக இருந்தாலும் சரி, பஸ் நேரமாக இருந்தாலும் சரி, முதலில் ஒரு கேள்வி வரும்: “ஊட்டு ஆளுக்குச் சொல்லியாச்சா?” இதை எல்லோரையும்விட அதிகமாகக் கேட்பது சித்தப்பாதான்.

இத்தனை பட்ட பிறகு நான் திருந்தியிருப்பேன் என்று நீங்கள் நினைக்கலாம். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். போன மாதம் என் போன் நம்பரை மாற்றினேன். உட்கார்ந்து ஒழுங்காகப் பட்டியல் போட்டேன். ஆபீஸ், பட்டறைகள், சிக்கந்தர் மாஸ்டர், ஒறம்பரை ஒருத்தர் விடாமல், முதல் ஆளாகச் சித்தப்பாவுக்கு, எல்லோருக்கும் புது நம்பரை அனுப்பி டிக் அடித்துவிட்டு, மனநிறைவோடு வீட்டுக்குப் போனேன். என் மனைவி வாசலுக்கே வந்து நின்றாள்.

“வாங்க. மதியத்துல இருந்து உங்களுக்குப் போன் போட்டுட்டே இருக்கறேனுங்க. அந்த நம்பர் இப்ப இல்லைன்னு சொல்லுதுங்க. உங்களுக்கு ஏதாவது தெரியுமுங்களா?”

எண்ணினேன். வழக்கமாக ஒன்றோ இரண்டோ விழும். இது ஒரு கை விரலுக்குள் அடங்கவில்லை.

எட்டு வயது மகள் உள்ளே போனாள். பீரோ திறக்கிற சத்தம் கேட்டது. என் ரோஸ் சட்டையை எடுத்து வந்து, மடிப்புக் கலையாமல் என் கையில் வைத்தாள். “போட்டுக்கங்க அப்பா,” என்றாள்.